ஒன்பது என்றால் சிரிப்பு

தாராவியின் 90 அடிச் சாலைப் பக்கம் வளரும் தமிழ்ப் பையனின் நடையில் சற்றே நளினம் தெரிந்தால் போதும், மூன்று மொழிகளில் வசவு தயார். தமிழில் 'ஒன்பது'. இந்தியில் 'சக்கா', அதாவது ஆறு. கிரிக்கெட் சிக்ஸருக்கும் அதே பெயர்தான். மராத்தியில் 'பாயல்யா'. ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லும்போது கடைசி பெஞ்சில் ஏன் சிரிக்கிறார்கள் என்று ஆசிரியருக்கும் தெரியும். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். சில சமயம் அவரும் சிரிப்பார். மாட்டுங்கா, செம்பூர் பள்ளிகளில் இதே வசவு ஆங்கிலத்தில், கொஞ்சம் நாசூக்காக வரும்.

நளினமான பையனெல்லாம் தன்பாலீர்ப்பு உள்ளவன் அல்ல. அந்த ஈர்ப்பு உள்ள பலரிடம் நளினமும் இருக்காது. வகுப்பறைக்கு இந்த வித்தியாசமெல்லாம் வேண்டியதில்லை.

தாராவித் தமிழர்களில் பலருக்குப் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. வசவும் அவர்களோடு ரயிலேறி வந்ததுதான். தமிழ்நாட்டில் 371 பாலியல் சிறுபான்மை இளைஞர்களிடம் நடத்திய ஆய்வை யுனெஸ்கோ 2019இல் வெளியிட்டது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளி நாட்களில் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் சுமார் 60 சதவீதம். பள்ளியில் புகார் செய்தவர்கள் 18 சதவீதம் மட்டுமே. படிப்பு நின்றுபோனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்றவர்கள் மூன்றில் ஒரு பங்கு.

ஏன் புகார் இல்லை? தலைமையாசிரியர் உடனே அப்பாவை அழைத்துவரச் சொல்வார் என்பதால்தான். பத்துக்குப் பத்தடி அறையில் ஆறு பேர் படுக்கும் வீட்டில் அந்த அழைப்புக்குப் பிறகு பையன் எங்கே போவான்? பள்ளி செய்யக்கூடிய முதல் உதவி, அவனைக் கேட்காமல் வீட்டுக்குச் சொல்லாமலிருப்பது.

வயதுவந்தோரின் தன்பாலுறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. பள்ளியின் கதவைத் தட்டியது சென்னை உயர் நீதிமன்றம். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தமக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் பாடம் கேட்டார். நம் ஊர் வாத்தியார்கள் லேசில் செய்யாத காரியம். 2021 ஜூன் 7 அன்று அவர் தந்த வழிகாட்டுதல்களில் ஒன்று, பெற்றோர்-ஆசிரியர் சங்கம் வழியே பெற்றோருக்கு இதைப் புரியவைப்பது. அதே வழக்கின் தொடர்ச்சியாக, கண்ணியமான சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியிட்டது.

டெல்லி பின்வாங்கியது. திருநர் குழந்தைகளைப் பள்ளியில் அரவணைப்பது குறித்து என்.சி.இ.ஆர்.டி. ஆசிரியர்களுக்காகத் தயாரித்த கையேடு, குழந்தைகள் உரிமை ஆணையத்தின் ஆட்சேபத்துக்குப் பின் 2021 நவம்பரில் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து மறைந்தது. மகாராஷ்டிரத்துக்கும் இது புதிதல்ல. பாலியல் கல்வியையே 2007இல் தடைசெய்த மாநிலம் அது.

சென்னைத் தீர்ப்பு மும்பைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. அந்தச் சொற்பட்டியலை ஆசிரியர் அறையில் ஒட்டிவைக்க யார் அனுமதியும் தேவையில்லை. பெற்றோர் கூட்டத்தில் பாலுறவு பற்றிப் பேச வேண்டும் என்பதும் இல்லை. வகுப்பில் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதிலிருந்தே தொடங்கலாம். வேலை முடிந்து அவசரமாக வந்து உட்காரும் தாய்மார்களுக்கு அந்தச் சொற்கள் எல்லாமே தெரியும்.