ஊருக்குக் கை வேண்டும், ஆள் வேண்டாம்

லீ மாண்டேலோவின் ‘தி வுட்ஸ் ஆல் பிளாக்’ (2024) குறுநாவலைப் பேய்க்கதை என்று நினைத்துத்தான் எடுத்தேன். 1920-களின் அப்பலேச்சிய மலையூர். தடுப்பூசி போடவும் பேறுகாலம் பார்க்கவும் வருகிறார் லெஸ்லி, முதல் உலகப்போர்க் களம் கண்ட திருநம்பி. (அவரை அனுப்பும் செவிலியர் சேவை நிஜம், 1925-இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் கென்டக்கியில் தொடங்கியது. குதிரையேறிப் போய்ப் பிரசவம் பார்த்தார்கள்.) ஊருக்கு அவர் கை வேண்டும், ஆள் வேண்டாம்.

அங்கே ஓர் இளையவர். ‘அடங்காத பெண்பிள்ளை’ என்று முத்திரை குத்தி, அடக்கியே தீருவதென்று நிற்கிறது தேவாலயச் சபை. காட்டு இருட்டைவிட இந்தத் ‘திருத்தும்’ அக்கறைதான் என்னை நடுங்க வைத்தது.

பழிவாங்கலில் இரத்தம் அதிகம்தான். இருக்கட்டும் தோழர்களே. பால்புதுமையர் செத்தால் மட்டும் கண்ணீர் விடும் கதைகளை எத்தனை படித்துவிட்டோம்!