மூளையால் எழுதப்படும் சொல்லும் இஷாராவின் சட்டமும்



வாய்பேச இயலாதவரின் சைகை, அதாவது இஷாரா, குறித்த ஃபிக்ஹுப் பாடத்தின்போது மாணவர் ஒருவர் கேட்டார்: "உஸ்தாத், மூளையில் கருவி பொருத்தி எழுத்துக் கூட்டுகிறார்களே, அதன்வழி தலாக் சொன்னால் நிகழுமா?" வகுப்பு சிரித்தது. "மனத்தில் நினைப்பது தலாக் ஆகாதே!" என்றார் இன்னொருவர். அந்தப் பதில் தவறு என்பதே என் கருத்து.

இக்கருவிகள் மனத்தைப் படிப்பவை அல்ல. 1988இல் ஃபார்வெல், டான்சின் இருவரும் அமைத்த முறையில், திரையிலுள்ள 36 கட்டங்கள் வரிசை வரிசையாக மின்னும். தாம் விரும்பும் எழுத்தில் ஒருவர் கவனத்தை நிறுத்தியிருந்தால், அது மின்னி ஏறத்தாழ 300 மில்லி விநாடியில் மூளையில் ஓர் அலை எழும். கவனம் சிதறினால் எழுத்தும் இல்லை. 2022இல் வெளியான ஆய்வில் இடம்பெற்ற ஜெர்மானியர், ஏ.எல்.எஸ். நோயால் கண்ணசைவையும் இழந்தவர். மூளையில் பதித்த மின்முனைகள் தரும் சமிக்ஞை அவருக்கு ஒலியாகக் கேட்கும். அதை உயர்த்தினால் 'ஆம்', தாழ்த்தினால் 'இல்லை'. நிமிடத்திற்கு ஏறத்தாழ ஓர் எழுத்து. அவ்வாறுதான் அவர் சூப் கேட்டார். சேர்ந்து படம் பார்க்கலாமா என்று தம் சிறு மகனையும் கேட்டார்.

இத்தனை பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த சொல்லையா மன ஊசலாட்டம் என்பது? பேசாத வரை, செயல்படுத்தாத வரை உள்ளத்தின் எண்ணங்கள் மன்னிக்கப்படும் என்ற நபிமொழி வேறு நிலையைப் பற்றியது.

கற்களுக்கிடையே தலை நசுக்கப்பட்ட சிறுமியின் நிகழ்ச்சி புகாரியில் உள்ளது. பேச இயலாத அவளிடம் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லப்பட்டன. உரிய பெயர் வந்ததும் தலையசைத்தாள். ஜெர்மானியருக்கு எழுத்துகள் வாசிக்கப்பட்டதும் ஏறக்குறைய இவ்வாறே. ஆனால் அந்தத் தலையசைப்போடு நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்துவிடவில்லை. குற்றவாளி ஒப்புக்கொண்ட பின்னரே தண்டனை.

அந்த நிதானம் இங்கும் வேண்டும். 2022 ஆய்வை நடத்தியோரில் சிலர் பங்கேற்று 2017இல் வெளியான முந்தைய ஆய்வொன்று, குறைபாடுகள் வெளிப்பட்டு 2019இல் திரும்பப் பெறப்பட்டது. ராவியை ஆராயாமல் ரிவாயத்தை ஏற்காத நமக்கு இது புதிதல்ல. எனவே தலாக்கிலும் வஸிய்யத்திலும் மறுபடி மறுபடி கேட்டு உறுதிசெய்ய வேண்டும். கருவி தானே ஊகித்து நிரப்பிய சொல்லை, அவர் 'ஆம்' எனும்வரை அவர் சொல்லாகக் கொள்ளலாகாது.

என் கவலை வேறொன்று. அக்கருவி நம் இல்லங்களில் இல்லை; பக்கவாதத்தால் நாவிழந்தோர் இருக்கிறார்கள். மகளின் நிகாஹுக்கு வலியான தந்தை விழிப்போடு படுத்திருக்க, "அவருக்குப் பேச்சில்லை" என்று விலாயத்தைச் சிறிய தந்தையிடம் மாற்றிவிடுகிறோம். விளங்கும் சைகை உள்ளவரின் விலாயத் நீங்காது என்பது ஷாஃபிஈ ஃபிக்ஹில் உள்ளதுதான். ஒருமுறை இமைத்தால் ஆம், இருமுறை இமைத்தால் இல்லை என்று அவரிடம் கேட்க எந்த மின்முனையும் தேவையில்லை. அடுத்த வகுப்பில் மாணவர்களை இதைத்தான் செய்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வல்லாஹு அஃலம்.