கறுப்புக் கோட்டுக்குக் கூலி பஸ் காசுதானா?

வக்கீல் என்றால் காசு கொட்டுகிற தொழில் என்று நினைப்பவர்கள், காலையில் ஏழாயிரம்பண்ணை பஸ் ஸ்டாப்பை ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும். தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிறவர்கள் கையில் தூக்குச் சட்டியோடு நிற்பார்கள். நடுவிலே ஒரு வெள்ளைச் சுடிதார். தோளில் மடித்துப் போட்ட கறுப்புக் கோட்டு. அந்தக் கையிலும் தூக்குச் சட்டிதான்! சட்டக் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்து, பார் கவுன்சிலில் பெயரைப் பதிந்து, அகில இந்தியப் பரீட்சையும் எழுதிப் பாஸ் பண்ணிய ஜூனியர் வக்கீல், சாத்தூர் கோர்ட்டுக்குப் போகிறார்.

தீப்பெட்டிக்குப் போகிறவருக்கு வாரக் கடைசியில் கூலி உண்டு. இந்தப் பிள்ளைக்கு? சீனியருக்கு மனசு வந்தால் பஸ் காசு. மனசு வராத மாதத்தில் அதுவும் இல்லை. "இன்னும் எத்தனை வருசத்துக்குத் தாயி இப்படி?" என்று வீட்டில் அம்மா கேட்டால் பதில் கிடையாது.

போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டுமாக அலைகிற நிருபர் என்கிற முறையில் சொல்கிறேன். ஒரு வழக்கின் நிலவரம் வேண்டுமென்றால் சீனியரைத் தேடிப் பிரயோசனமில்லை. கேஸ் நம்பர் என்ன, அடுத்த வாய்தா எப்போது, எந்தப் பேப்பர் ரிட்டர்ன் ஆனது, எதிர்க்கட்சி வக்கீல் ஆஜரானாரா, எல்லாம் ஜூனியருக்குத்தான் தெரியும்.

லட்ச ரூபாய் செக்கு!

நம்ம பக்கத்து வியாபாரம் கடனிலே ஓடுவது. பட்டாசு லாரி ஏறி வடநாடு போகும். பணம் தீபாவளி கழிந்து வரும். பணத்துக்குப் பதில் செக்கு வந்து, அது பேங்கில் போட்ட வேகத்தில் திரும்பி வருவதும் உண்டு. ஆகவே சிவகாசி, சாத்தூர் பக்கம் முதலாளிமாருக்கு வழக்குப் பார்க்கிற வக்கீல் ஆபீசில் செக்கு கேஸ் கட்டுக்குப் பஞ்சமே இராது. அதுபோக, லேபிளைக் காப்பி அடித்த தகராறு, லைசென்சு விவகாரம், கூட்டாளிகள் பிரிகிற சண்டை.

செக்கு கேஸில் நாள் கணக்குத்தான் உயிர். திரும்பிவிட்டது என்று பேங்கு தகவல் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கைக்குக் கிடைத்தபின் எதிராளிக்கு 15 நாள் தவணை. அதற்கும் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். கணக்குத் தப்பினால் கேஸ் ஆட்டம் கண்டுவிடும். இந்த நாளையெல்லாம் டைரியில் குறிப்பது யார்? ஜூனியர். தபால் ரசீதைப் பத்திரப்படுத்துவது? ஜூனியர். சீனியர் வேறு கோர்ட்டில் நிற்கும்போது ஓடிப்போய் "ஐயா, வாய்தா வேண்டும்" என்று கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் பாட்டு வாங்குவதும் அவர்தான்.

சட்டமாவது ஒரே இடத்தில் நிற்கிறதா? 2014 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, செக்கு எந்த ஊர் பேங்கின் மேல் எழுதப்பட்டதோ அந்த ஊரில்தான் கேஸ் போட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சிவகாசி வியாபாரி கதி என்ன? பாட்னா செக்கு திரும்பினால் பாட்னாவுக்கு ரயில் ஏற வேண்டும்! அப்புறம் 2015-இல் சட்டத்தைத் திருத்தி, பணம் வர வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் பேங்கு உள்ள ஊரிலேயே போடலாம் என்று ஆக்கினார்கள். இந்த மாதிரி மாற்றத்தை ராத்திரி உட்கார்ந்து படித்து, காலையில் சீனியர் மேசையில் குறிப்பு வைக்கிறவரும் நம்ம தூக்குச் சட்டிக்காரர்தான்.

கட்சிக்காரருடைய லட்சங்களுக்குக் காவல் நிற்கிற ஆளுக்கு மத்தியானம் டீயும் பன்னும்!

"கஷ்டமாயிருந்தால் வேறு வேலையும் பார்த்துக்கொள்வதுதானே?" என்று கடைக்கார அண்ணாச்சி ஒருவர் கேட்டார். பார்க்க முடியாது அண்ணாச்சி! பார் கவுன்சில் விதி அப்படி. தொழில் பண்ணுகிற வக்கீல் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக் கூடாது. நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்படாமல் சட்டப் பாடம் நடத்தலாம். ஏழாயிரம்பண்ணையில் சட்டக் கல்லூரிக்கு எங்கே போவது? "நான் வக்கீல், என்னிடம் வாருங்கள்" என்று நோட்டீஸ் அடித்து ஒட்டவும் கூடாது. கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டு நீந்து என்கிற கதை.

வெளியூர் நிலவரம் வேறு. லண்டனில் கம்பெனிகளுக்கு வழக்குப் பார்க்கிற ஆபீசில் பழகுகிற பிள்ளைக்கு ட்ரெயினி சொலிசிட்டர் என்று பெயர். இரண்டு வருஷம் பழக்கம். மாசம் பிறந்தால் சம்பளம். நம் சென்னை, மும்பை கார்ப்பரேட் ஆபீசுகளிலும் சேர்ந்த மாதமே சம்பளம் உண்டு. அந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்பது தனிக் கதை. ஆனால் பழகுகிறவனுக்குப் பணம் கொடுத்தால் தொழில் கெட்டுப்போகும் என்று அங்கே யாரும் அழவில்லை.

ஐகோர்ட்டு சொன்ன பிறகும்...

2024 ஜூனில் சென்னை ஐகோர்ட்டு நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் இருவரும் பளிச்சென்று சொன்னார்கள். சம்பளம் தராமல் ஜூனியரிடம் வேலை வாங்குவது சுரண்டல். சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாய், மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாய். ஆண், பெண் வித்தியாசம் கூடாது. பார் கவுன்சில் சுற்றறிக்கை விட வேண்டும் என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சொன்னது. ஆனால் அது சிபாரிசு மட்டும். கொடுக்காவிட்டால் தண்டனை ஒன்றும் கிடையாது!

15,000 என்றால் நாளைக்கு 500 ரூபாய். கொத்தனாரிடம் சொன்னால் சிரிப்பார்.

2024 ஜூலை 30-இல் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு நல்ல காரியம் செய்தது. வக்கீலாகப் பதிய 750 ரூபாய்க்கு மேல் வாங்காதே, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரிடம் 125-க்கு மேல் வாங்காதே என்றது. அதுவரை பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் கறந்தார்கள். வாசலில் டிக்கெட் விலை குறைந்தது, சந்தோஷம். உள்ளே போன பிறகு சாப்பாடு?

"நாங்கள் மட்டும் சம்பளம் வாங்கியா கற்றோம்? கட்டைத் தூக்கித்தான் கற்றோம்" என்கிறார்கள் சீனியர்கள். வாஸ்தவம். அப்படிக் கட்டைத் தூக்கியவர்களில் எத்தனை பேர் வீட்டில் நிலமோ, கடையோ, சம்பாதிக்கிற அப்பாவோ இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் கணக்கு நேராகும்.

சாத்தூரில் நகல் மனு, ஜாமீன் மனு என்று ஓட்டுகிற சின்ன சீனியரிடம் 15,000 எடு என்றால் அவர் எங்கே போவார்? கட்சிக்காரர் அவருக்கே பாக்கி வைக்கிறார். அவரை விட்டுவிடலாம். முதலாளிமார் கட்டு நிறைய வைத்திருக்கிற ஆபீசுகளுக்கு என்ன கேடு?

அச்சங்குளம்

வக்கீல்மார் வீட்டுச் சண்டை இது, நமக்கென்ன என்று பேப்பரை மடிக்காதீர்கள். 2021 பிப்ரவரி 12-இல் ஏழாயிரம்பண்ணை பக்கத்து அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது.

அது பெரிய விபத்து, டில்லி வரை சத்தம் கேட்டது. ஒருத்தர், இரண்டு பேர் சாகிற விபத்துக்கு யார் வருகிறார்கள்? பிணம் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே வீட்டுக்குச் சமரசம் பேச ஆள் வந்துவிடும். கையில் கொஞ்சம் பணம், ஒரு கையெழுத்து. அச்சங்குளம் நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் வருஷச் சட்டம் என்ன சொன்னது தெரியுமா? சாவுக்கான நஷ்டஈட்டைக் கமிஷனரிடம்தான் கட்ட வேண்டும், வீட்டில் நேராகக் கொடுத்தது நஷ்டஈடு கொடுத்ததாகவே ஆகாது என்றது. இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டும் என்றது. ஈ.எஸ்.ஐ.யில் இருந்தவருக்கு வழி வேறு. இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து, "அக்கா, கையெழுத்துப் போடாதீங்க" என்று சொல்ல அந்தத் தெருவிலேயே ஒரு வக்கீல் பிள்ளை வேண்டுமா, வேண்டாமா?

மணி மருந்து என்றால் என்ன, போர்மேன் எந்த நேரத்தில் எங்கே நிற்பார், உள்குத்தகை எப்படிக் கைமாறும் என்பதைப் புத்தகத்தில் படிக்க வேண்டாத பிள்ளைகள் அவர்கள். குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வியிலேயே சாட்சியை மடக்குவார்கள். அவர்கள்தான் இரண்டாவது வருஷத்திலேயே கோட்டை மடித்து வைத்துவிட்டு பேங்குப் பரீட்சை எழுதப் போகிறார்கள். மேல் கோர்ட்டு வரை தாக்குப்பிடிக்க யாரால் முடியும்? நம்ம மாவட்டத்துக்கு மாவட்டக் கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஐகோர்ட்டுக் கிளை மதுரையில். பஸ் காசே பாதியைத் தின்றுவிடும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். இளம் வக்கீல்களுக்கு இரண்டு வருஷம், மாதம் 3,000 ரூபாய் என்று 2020-இல் திட்டம் கொண்டுவந்தார்கள். நாளைக்கு 100 ரூபாய்!

வக்காலத்தில் சேமநல நிதி ஸ்டாம்பு ஒட்டுகிறார்களே, அது 1987-ஆம் வருஷச் சட்டம். வக்கீல் செத்தால் குடும்பத்துக்கு அந்த நிதியிலிருந்து பணம் போகிறது. போகட்டும், நல்ல காரியம். உயிரோடு தொழில் கற்க வருகிற பிள்ளைக்கும் அதே மாதிரி ஒரு ஸ்டாம்பு போட்டால் என்ன? லட்சக்கணக்கில் செக்கு கேஸ் போடுகிற முதலாளிக்கு இன்னொரு ஸ்டாம்பு காசு பெரிசா? அந்தப் பணத்தை 3,000-த்தோடு சேர்த்து, மூன்று வருஷமாக நீட்டி, ஜூனியர் பேங்குக் கணக்கில் நேராகப் போடலாம். சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் எம்.எல்.ஏ.க்களில் யாராவது ஒருத்தர் அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்கட்டும்.