சிரித்த முகம் வந்த வழி

இம்மாதம் நாம் திரட்டிய துணுக்குகள் யாவும் சிரித்த முகத்தைப் பற்றியவை. அவற்றைத் தேடப் புகுந்ததற்கு நாம் செய்த பிழையொன்றே காரணம். அதனை இறுதியில் ஒப்புக்கொள்வோம்.

முதற் துணுக்கு அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்தது. 1963-ஆம் ஆண்டு அங்கிருந்த காப்பீட்டு நிறுவனமொன்று, வேறொரு நிறுவனத்துடன் இணைந்தமையால் ஊக்கம் குன்றிய தன் ஊழியரைத் தேற்ற விரும்பியது. ஹார்வி பால் என்னும் ஓவியரிடம் ஒரு சின்னம் கேட்டது. மஞ்சள் வட்டம், இரு கரும்புள்ளிகள், வளைந்த கோடு ஒன்று. சில நிமிடங்களில் வேலை முடிந்தது. கூலி 45 டாலர். அம்முகம் உலகெங்கும் சட்டைகளிலும் பொத்தான்களிலும் ஏறிப் பிறருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தது. ஓவியரோ அதனைத் தம் உரிமையெனப் பதிவு செய்யவேயில்லை. 1999-இல் அக்டோபர் மாத முதல் வெள்ளியை உலகப் புன்னகை நாளாகத் தொடங்கிவைத்து, 2001-இல் மறைந்தார்.

இரண்டாவது, பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அங்கே ஆசிரியரும் மாணவரும் கணினி வழியே செய்திகள் எழுதிக்கொள்வர். லிப்டில் பாதரசம் சிந்தியது பற்றி ஒருவர் வேடிக்கையாக எழுத, சிலர் அதனை மெய்யென்றே நம்பிவிட்டனர். எழுத்துக்கு முகமில்லை அன்றோ? 1982 செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்னும் கணினி அறிஞர் வழி சொன்னார். முக்காற்புள்ளி, சிறுகோடு, மூடும் பிறைக்குறி ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து இடுங்கள். தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம் தெரியும். இது வேடிக்கை என்று எவரும் அறிவர் என்றார்.

மூன்றாவது ஜப்பானியருடையது. 1999-இல் ஷிகெடாகா குரிடா என்பார் டோக்கோமோ நிறுவனத்தின் கைப்பேசிக்காக 176 சிறு படங்களை அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைத்த இடம், பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு புள்ளிகள் மட்டுமே. அதற்குள் கதிரவன், குடை, இதயம் எல்லாம் அடங்கின. 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து, அதுவே எமோஜி. 2016-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றைத் தன் கலைச்செல்வங்களோடு சேர்த்துக்கொண்டது.

நான்காவது துணுக்கில்தான் நாம் அகப்பட்டோம். 2015-ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதியார் தெரிந்தெடுத்தது ஒரு சொல்லே அன்று. இரு கண்களிலும் நீர் துளிக்கும் மஞ்சள் முகம். அண்மையில் நண்பரொருவரின் தந்தையார் காலமான செய்தி கைப்பேசியில் வந்தது. இரங்கல் எழுதி, அழும் முகமென்று எண்ணி அதனையே ஈற்றில் சேர்த்து அனுப்பினோம். "அது அழும் முகமல்ல, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் முகம்" என்று வீட்டுப் பிள்ளை சொன்னபோது நமக்கு வியர்த்துவிட்டது.

அன்று மாலையே துக்க வீட்டுக்கு ஓடினோம். நண்பர் முகம் கொடுக்கவில்லை. நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்" என்றார். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டார். நாமும் அழுதோம்.

அனுப்பிய முகம் செய்த பிழையை, கொண்டுசென்ற முகம் திருத்திற்று. நேயர்களே, வேடிக்கைக்கு மஞ்சள் முகத்தைத் தாராளமாய் அனுப்புங்கள். துக்க வீட்டுக்கு மட்டும் உங்கள் முகத்தையே கொண்டுசெல்லுங்கள்.