எழும்பூரில் ஏறினால் கொழும்பு

தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நிற்பவர்களின் கைபேசிக்கு அவ்வப்போது ஒரு குறுஞ்செய்தி வருவதுண்டு, இலங்கைக்கு நல்வரவு என்று. காலடியில் இந்திய மணல், சிக்னல் மட்டும் அக்கரையுடையது. நடுவே கிடப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல். முதுகில் பையை மாட்டிக்கொண்டு வந்த ஒருவர் அக்கரையில் இருக்கும் நண்பரைப் பார்க்க நினைத்தால், வந்த வழியே மதுரைக்குத் திரும்பி விமானம் ஏற வேண்டும். கொழும்பில் இறங்கி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வடக்கே பயணம் செய்தால்தான் மன்னார். கண்ணுக்கெட்டும் தூரத்துக்கு இத்தனை சுற்று.

முன்பு இப்படி இல்லை. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட கையோடு போட் மெயில் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும். தனுஷ்கோடியில் ரயிலை விட்டு இறங்கிச் சோதனையை முடித்துக் கப்பலேறினால், தலைமன்னாரில் அந்தக் கரை ரயில் காத்திருக்கும். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் தனுஷ்கோடியையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் சேர்த்து விழுங்கியது. ஆனாலும் தொடர்பு அற்றுப்போகவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து ‘ராமானுஜம்’ கப்பல் தலைமன்னாருக்குப் போய்வந்தது.

1970களில் அந்தக் கப்பலின் தளத்தில் ஒரு புதுக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரை மார்க்கமாகவே இந்தியா வந்த வெள்ளைக்கார இளைஞர்கள். கையில் காசு குறைவு, நேரம் தாராளம். மூன்றாம் வகுப்பில் ஏறி, சத்திரத்தில் படுத்து, கிடைத்த இடத்தில் சாப்பிட்டு, இலங்கைக்குப் போக இந்த வழியைத்தான் பிடித்தார்கள். எதிர்த்திசையில் அதே கப்பல் சுமந்து வந்தது வேறு மனிதர்களை. 1964-ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் தகரப் பெட்டியும் தட்டுமுட்டுச் சாமான்களுமாக வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பெயர் பதிந்து ஊர் ஊராகப் பிரிந்து போனவர்கள், பக்கத்து லயத்து நண்பரை அக்கரையில் விட்டுவிட்டு வந்தவர்கள். 1980களின் முற்பகுதியில் போர் மூண்டதும் கப்பல் நின்றது. அவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்துவர இருந்த மலிவான வழியும் அத்தோடு அடைபட்டது.

ஊர் பார்க்கப் போவது வேறு, ஆள் பார்க்கப் போவது வேறு. முதல் பயணத்தில் கோயிலும் கோட்டையும் பார்க்கலாம். அந்தப் பயணத்தில் பழக்கமானவர் வீட்டுக்கு இரண்டாம் முறை போகும்போதுதான் ஒரு நாட்டின் அடுப்படி வரை போக முடிகிறது. இதை நன்றாக அறிந்தவர் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக் கோட்டையூரில் 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக்கலை படித்தவர். காந்தியைப் பற்றிய படத்துக்காக லட்சம் மைல் சுற்றி, 50,000 அடி படச்சுருள் திரட்டினார் என்பது பலரும் அறிந்ததே. முன்பின் தெரியாத நாடுகளில் அவரால் அத்தனையையும் தேடிப் பிடிக்க முடிந்ததற்குப் போகிற இடமெல்லாம் மனிதர்களைச் சம்பாதித்ததே காரணம். அந்தப் படம் 1940-இல் வெளிவந்தது.

அப்படிப்பட்ட சிநேகம் ராமேஸ்வரம் கரையில் இன்றும் உயிரோடிருப்பதைக் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில் பார்க்கலாம். 1974 ஒப்பந்தத்தின்படி, இந்திய மீனவருக்கும் யாத்திரிகருக்கும் அங்கே போக இலங்கையின் விசா தேவையில்லை. 285 ஏக்கர் மட்டுமே உள்ள, குடியிருப்பில்லாத, குடிநீரும் இல்லாத தீவு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ இரண்டு நாள், இரு கரைப் படகுகளும் அங்கே கூடும். சிலுவைப்பாதை முடிந்ததும் மரத்தடிகளில் விசாரிப்பு தொடங்கும். “என்ன மச்சான், சுகமோ?” என்று யாழ்ப்பாணத்துக் குரல் கேட்கும். போன வருஷம் கைக்குழந்தையாகப் பார்த்தது இப்போது நடக்கிறதா என்று பாம்பன் பெண்கள் கேட்பார்கள். அங்கிருந்து ராணி சோப்பு வரும், இங்கிருந்து சேலையும் துணிமணியும் போகும். மறுநாள் பூசை முடிந்ததும் படகுகள் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடும். அடுத்த சந்திப்பு அடுத்த திருவிழாவில்தான், அதுவும் நிச்சயமில்லை. 2024-இல் மீனவர் சிறைவைப்பைக் கண்டித்து இக்கரையிலிருந்து படகுகள் போகவில்லை.

வருஷத்தில் இரண்டு நாள் போதாது. ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் மறுபடி ஓட வேண்டும். சாமானியர் ஏறக்கூடிய கட்டணத்தில் ஓட வேண்டும் என்பது அதைவிட முக்கியம்.

கட்டணத்தை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2011-இல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பெரிய கப்பல் ஒன்று விடப்பட்டது, சில மாதங்களில் நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம் – காங்கேசன்துறை தடத்தில் ‘செரியபாணி’ புறப்பட்டபோது அறிவித்த ஒருவழிக் கட்டணம் வரியோடு 7,670 ரூபாய். சில நாட்களிலேயே அதுவும் நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ கப்பலோடு தடம் மீண்டும் திறந்தது. விமானத்தோடு போட்டியிடும் விலையில் கடலைக் கடக்கச் சொன்னால், பையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் மாணவரும் அக்காள் வீட்டுக்குப் போகும் தோட்டத் தொழிலாளியும் துறைமுக வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ராமேஸ்வரம் தடம் நாகை தடத்தில் ஏறத்தாழப் பாதி தூரம்தான். எரிபொருளும் நேரமும் அந்த அளவுக்கு மிச்சம். பெரிய கப்பலும் வேண்டாம். ஆழம் குறைந்த இந்தக் கடலுக்குச் சிறியதுதான் ஏற்றது.

கடத்தலும் பாதுகாப்பும் கவலையில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் கடத்தல்காரர் டிக்கெட் வாங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சுங்கச் சோதனைக்கு வரிசையில் நிற்பதில்லை. நாகப்பட்டினத்தில் சாத்தியமான சோதனை ராமேஸ்வரத்திலும் சாத்தியமே. வடகிழக்குப் பருவக்காற்றில் கப்பல் நின்றுவிடும் என்பது இன்னொரு கவலை. ‘ராமானுஜம்’ காலத்திலும் மழை மாதங்களில் அது நின்றது, பிறகு ஓடியது. அந்த இடைவெளியை முன்கூட்டி அறிவித்துவிட்டால் பயணி அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்வார்.

தண்டவாளம் இரு கரையிலும் தயாராக இருப்பதுதான் இதில் மனதை அதிகம் வருத்துகிறது. பாம்பனில் கப்பல் வந்தால் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும் புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். போரில் அழிந்த மன்னார் ரயில் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் புதுப்பித்துத் தர, 2015 மார்ச் 14 அன்று பிரதமர் மோடி தலைமன்னாரிலேயே அதைத் தொடங்கிவைத்தார். அந்தப் பாதையின் கடைசி நிலையத்துக்குப் பழைய பெயரே நிலைத்திருக்கிறது: தலைமன்னார் இறங்குதுறை. நிலையத்துக்கு அப்பால், துருவேறிய பழைய துறைமேடை கடலுக்குள் நீண்டு கிடக்கிறது.