முதல் இரண்டு நிமிடத்தில் தோற்பவர்கள்

'ஸ்டார்கிராஃப்ட் 2' விளையாட்டின் கதைப் பகுதியை ஒன்று விடாமல் முடித்தவர், ஆன்லைனில் முகம் தெரியாத ஒருவரோடு முதன்முறை மோதி இரண்டு மூன்று நிமிடத்தில் மண்ணைக் கவ்வுவது சர்வ சாதாரணம். கதைப் பகுதியில் எதிரி நல்லவன். நாம் ஆற அமர அரண் கட்டி, பெரிய போர்க்கப்பல்களை வரிசைகட்டி நிறுத்தும்வரை, சொல்லிவைத்த நேரத்துக்குச் சொல்லிவைத்த ஆட்களை மட்டும் அனுப்புவான். ஆன்லைனில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அப்படிக் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

தோற்றவர் உடனே சொல்வது, "இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்பதுதான். ரஷ் எனப்படும் இந்த ஆரம்பத் தாக்குதலை அழுகுணி ஆட்டமாகப் பார்க்கும் வழக்கம் விண்வெளி உத்தி விளையாட்டுகள் பலவற்றிலும் உண்டு. அந்தக் கோபம் நியாயமில்லாதது.

ஆட்டம் தொடங்கும்போது இரு தரப்புக்கும் 12 தொழிலாளிகள், கையில் 50 கனிமம். ஜெர்க் இனத்தை எடுத்தவர் மேற்கொண்டு ஒரு தொழிலாளியைக்கூட உருவாக்காமல் 200 கனிமம் சேர்த்து, ஸ்பானிங் பூல் என்ற கட்டடத்தை எழுப்புகிறார். அது முடிந்ததும் ஜோடி 50 கனிமத்துக்கு ஜெர்க்லிங்குகள் என்ற சிறு போர் உயிரிகள். ஏறக்குறைய இரண்டாவது நிமிடத்தில் அவற்றில் ஆறு, எதிராளியின் வாசலில் நிற்கும். அப்போது டெரன் இனத்தை ஆடும் எதிராளியிடம் ஒரு சப்ளை டிப்போவும், படைவீரர்களை உருவாக்கும் பேரக்ஸ் ஒன்று முடிந்தும் முடியாமலும் இருக்கலாம். ஆனால் இது விதைநெல்லைக் குத்திப் பொங்குவது போன்ற வேலை. தாக்குதல் பலிக்காவிட்டால், தொழிலாளிகளைப் பெருக்காமல் விட்டவர் அடுத்த ஐந்து நிமிடத்துக்கு எழுந்திருக்க முடியாது. இத்தனை ஆபத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருபவரை ஏமாற்றுக்காரர் என்பது எப்படிச் சரியாகும்?

இந்த வாதம் தென் கொரியாவில் 2004-லேயே வெடித்தது. முதல் 'ஸ்டார்கிராஃப்ட்' அங்கே தொலைக்காட்சியில் நேரலையாக ஓடிய காலம். அந்த ஆண்டு நவம்பரில், எவர் ஸ்டார்லீக் என்ற போட்டித் தொடரின் அரையிறுதியில் 'பாக்ஸர்' என்ற பெயரில் ஆடிய லிம் யோ-ஹ்வானும் 'யெல்லோ' என்ற ஹாங் ஜின்-ஹோவும் மோதினார்கள். ஊரே எதிர்பார்த்த பகை அது. பாக்ஸரோ மூன்று ஆட்டங்களிலும் ஒரே காரியத்தைச் செய்தார்: தொழிலாளிகளையும் சில மரைன் வீரர்களையும் கூட்டிக்கொண்டு போய், எதிராளியின் தளத்தருகே பங்கர் என்ற காவல் அரண் கட்டினார். 3-0. நீண்ட போரைப் பார்க்க உட்கார்ந்த ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். இறுதிப் போட்டியில் பாக்ஸருக்கு எதிரே வந்தவர் அவரே கண்டெடுத்து வளர்த்த 'ஐலவ்ஊவ்', சோய் யோன்-சுங். பொருளாதாரத்தைப் பெருக்கி, அடங்காத படையால் எதிரியை மூழ்கடிப்பது அவருடைய பாணி. கோப்பை 3-2 என்று அவருக்குப் போனது.

மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் நடந்த அதே பாதையில்தான் இயந்திரமும் நடந்தது. டீப்மைண்ட் நிறுவனத்தின் 'ஆல்ஃபாஸ்டார்' 2018 டிசம்பரில் டிஎல்ஓ, மானா என்ற இரு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆளுக்கு 5-0 என்று வென்றது. தனக்குத்தானே எதிராக ஆடிப் பழகிய அந்த நிரல், பயிற்சியின் தொடக்கத்தில் எதிரியின் தளத்தருகே பீரங்கிகளை எழுப்பும் ஃபோட்டான் கேனன் ரஷ் போன்ற குறுக்குவழிகளையே பிடித்துக்கொண்டிருந்தது. அவற்றுக்கு எதிரான தற்காப்பைக் கற்றபின் அவை பலிக்காமல் போயின. பிறகு அது கண்டுகொண்டது, வழக்கத்தைவிட அதிகத் தொழிலாளிகளை முன்கூட்டியே உருவாக்குவதை. வர்ணனையாளர்கள் முதலில் அதை வீண்செலவு என்றே பார்த்தார்கள்.

ஆன்லைனுக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, எதை எப்போது கட்டுவது என்ற வரிசையை, அதாவது பில்ட் ஆர்டரை, மனப்பாடம் செய்வது. டெரன் என்றால் ஆள் எண்ணிக்கை 14-ல் டிப்போ, 16-ல் பேரக்ஸ், பிறகு இரண்டாவது தளம் என்று எண்களாக ஒப்பிப்பார்கள். தவறில்லை. ஆனால் அந்த எண்கள் எதற்காக என்று தெரியாதவருக்கு, எதிராளி ஒரு அடி மாற்றி வைத்தாலே எல்லாம் குழம்பிவிடும். ஒரு தொழிலாளி உருவாக 12 விநாடி. ஒரு நிமிடம் மறந்தால் ஐந்து பேர் குறைவு. ஒரு தளத்தில் எட்டுக் கனிமத் திட்டுகள், திட்டுக்கு இரண்டு பேர் வீதம் 16 பேர் தேவை. இது புரிந்தவர் எண்களை மறந்தாலும் சமாளிப்பார்.

அடுத்தது வாசல். சொந்தத் தளத்துக்கு ஏறிவரும் சரிவின் உச்சியில் இரண்டு டிப்போக்களையும் பேரக்ஸையும் ஒட்டி வைத்தால் ஜெர்க்லிங் நுழைய வழியில்லை. டிப்போவைத் தரைக்குள் இறக்கினால் வழி எல்லோருக்கும் திறக்கும், ஆகவே நம் ஆட்கள் போய்வந்ததும் மறுபடி உயர்த்திவிட வேண்டும். புரோட்டாஸ் இனத்தை ஆடுபவர் கட்டடங்களுக்கிடையே ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டு, அங்கே ஜீலட் என்ற வீரர் ஒருவரை அசையாமல் நிறுத்துவார். அந்த நேரத்தில் ஒரு தொழிலாளியை உளவு பார்க்கவும் அனுப்பியிருக்க வேண்டும். சதுரங்கத்தில் தெரிவதுபோல எதிராளியின் காய்கள் இங்கே கண்ணுக்குத் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டியது அதிகமில்லை: எதிராளிக்கு இரண்டாவது தளம் உண்டா, கட்டடங்கள் வழக்கமான இடத்தில் இருக்கின்றனவா, அவ்வளவுதான். அங்கே பேரக்ஸே இல்லையென்றால் அது நம் வீட்டுப் பின்புறம் எங்கோ எழும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

கதைப் பகுதிக்கும் ஆன்லைனுக்கும் இடையிலான இந்தப் பள்ளம் தயாரிப்பாளருக்கும் தெரியும். 2010-ல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட் 2'-ன் முதல் பாகத்திலேயே, தொடக்க நகர்வுகளுக்கும் ரஷ் தடுப்பதற்கும் தனித்தனிச் சவால்களை பிளிஸார்ட் வைத்திருந்தது. விறுவிறுப்பான கதை கூப்பிடும்போது அந்தப் பக்கம் எத்தனை பேர் போவார்கள்? தொடக்கத் தொழிலாளிகளின் எண்ணிக்கை முதல் விளையாட்டில் 4, இரண்டாவதில் 6, 2015-ன் 'லெகசி ஆஃப் தி வாய்டு' முதல் 12 என்று ஏறியது. சலிப்பான ஆரம்பம் குறைந்தது என்று பலரும் கொண்டாடினார்கள். புதியவர் யோசித்துத் திருத்திக்கொள்ளக் கிடைத்த அவகாசமும் அதோடு போனது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

'ஸ்டெல்லாரிஸ்' போல மணிக்கணக்கில் நீளும் விளையாட்டுகளிலும் கணக்கு இதுதான், வேகம்தான் வேறு. 2018-ல் வந்த 2.0 பதிப்பு முதல் கப்பல்கள் தொடக்கத்தில் நட்சத்திரங்களை இணைக்கும் ஹைப்பர்லேன் தடங்களில் மட்டுமே போக முடியும். ஆகவே கண்ணில் பட்ட நட்சத்திரத்தையெல்லாம் பிடிப்பதைவிட, பல தடங்கள் சேரும் முனையில் முதலில் புறக்காவல் நிலையம் அமைப்பதே புத்தி. தனியாக ஆடும்போது நினைத்தபோதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி யோசித்துப் பழகியவர், மல்டிபிளேயருக்கு முன் சில வாரமாவது நிறுத்தாமல் ஆடிப் பார்க்கட்டும். 'ஸ்டார்கிராஃப்ட்' ஆடுபவரோ தோற்ற ஆட்டத்தின் ரீப்ளேயைத் திறந்து, உற்பத்திப் பட்டியலை வைத்துக்கொண்டு முதல் மூன்று நிமிடத்தை மட்டும் பார்த்தால் போதும். தலைமைத் தளம் எத்தனை விநாடி சும்மா கிடந்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.