கருவியின் பெயரைச் சொல்வதில் என்ன வெட்கம்?

உங்கள் செய்முறைக் குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள். 'நோக்கம்' என்பதற்கு அடுத்து வருவது என்ன? 'தேவையான கருவிகள்'! கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்தோம் என்று எழுத நாம் யாரும் கூச்சப்படுவதில்லை. அக்கருவியின் சுழிப்பிழையைக் கண்டறிந்து, அதற்கான திருத்தத்தையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஆனால் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியின் உதவியோடு எழுதிய கட்டுரையில் மட்டும் அதன் பெயரை மறைத்துவிடுகிறோம். சொன்னால் மதிப்பெண் குறையும் என்ற அச்சம்தான் காரணம். குறையவும் கூடும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

கணிதத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பார்ப்போம். எந்தத் தேசப்படமானாலும், அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாதபடி தீட்ட நான்கு வண்ணங்கள் போதுமா? 1852இல் எழுந்த கேள்வி இது. 'போதும்' என்று 1976இல் நிறுவினார்கள், அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் அப்பெலும் வுல்ஃப்காங் ஹாக்கனும். கையால் செய்து முடிக்க இயலாத கணக்குகளைக் கணிப்பொறி ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலாகச் செய்தது. இதை அவர்கள் ஒளிக்கவில்லை. 'மனிதர் சரிபார்க்க இயலாதது நிரூபணமாகுமா?' என்று அறிஞர் சிலர் முகம் சுளித்தனர். ஆனால் கணிப்பொறியின் பங்கு எது என்று தெரிந்திருந்ததால்தான், ஐயம் கொள்ள வேண்டிய இடமும் தெரிந்தது. பிறர் மீண்டும் ஆராய்ந்தனர். 2005இல் ஜார்ஜ் கோந்தியே என்பவர் நிரூபணத்தின் ஒவ்வொரு படியையும் கணிப்பொறியாலேயே சோதித்துத் தேற்றத்தை உறுதி செய்தார்.

ஆகவே, கருவியைக் குறிப்பிடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதன்று. எங்கே சரிபார்க்க வேண்டும் என்று படிப்பவருக்கு வழிகாட்டுவது. செயற்கை நுண்ணறிவுக்கும் 'சுழிப்பிழை' உண்டு. இல்லாததை இருப்பதுபோல் எழுதிவிடும். அது கற்பனையாகத் தந்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் காட்டிய நியூயார்க் வழக்கறிஞர்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது!

எப்படிக் குறிப்பிடுவது? கட்டுரையின் முடிவில் சில வரிகள் போதும்: "உட்தலைப்புகளை வரிசைப்படுத்த இந்தக் கருவியை இந்தத் தேதியில் பயன்படுத்தினேன். அது தந்த விவரங்களைப் பாடநூலுடன் ஒப்பிட்டேன். இரண்டு தவறாக இருந்தன; திருத்தினேன்." இப்படி எழுதும் மாணவர் தம் உழைப்பையும் அல்லவா காட்டுகிறார்!

ஒன்றை மறக்க வேண்டாம். கட்டுரை முழுவதையும் கருவியே எழுதியிருந்தால், இந்தக் குறிப்பு அதை உங்களுடையதாக்கிவிடாது. ஆசிரியர் 'பயன்படுத்தாதே' என்று சொன்ன இடத்தில் பயன்படுத்தவும் கூடாது. 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ், இத்தகைய கருவியைக் கட்டுரையாசிரியராக ஏற்பதில்லை என்று 2023 ஜனவரியில் அறிவித்தது. கருவியால் எழுத்துக்குப் பொறுப்பேற்க முடியாது என்பதே அதற்குச் சொன்ன காரணம்.

பொறுப்பேற்க வேண்டியவர் நாம்தான். அதன் முதற்படி, கருவியின் பெயரை மறைக்காமல் எழுதுவது.